பாடத்திட்டம் முதலில் என்பவர்களுக்கு

காங்கேசன்துறையிலும் சுற்றியுள்ள வலிகாமம் வடக்குப் பாடசாலைகளிலும், வெளிநாட்டுப் பாடசாலையொன்றுடன் சேர்ந்து விஞ்ஞானம் படிப்பிக்கலாமே என்று பேச்செடுத்தால் வரும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். “முதலிலை பிள்ளையள் சோதினையைப் பாஸ் பண்ணட்டும். அதெல்லாம் கொழும்பிலை இன்ரர்நஷனல் ஸ்கூல் பிள்ளையளுக்குச் சரி.” பெற்றோர் இதைச் சொல்கிறார்கள். ஆசிரியர்கள் சொல்கிறார்கள். கனடாவிலிருந்து கட்டட நிதி அனுப்பும் பழைய மாணவர்களும் இதையே சொல்கிறார்கள்.

இந்தப் பதிலுக்குப் பின்னால் உள்ள கவலையை நான் மதிக்கிறேன். 1990 இல் போரால் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. ஊரின் நடேஸ்வராக் கல்லூரி தன் சொந்த வளவுக்குத் திரும்பக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. வீடு, காணி, வள்ளம், வேலை எல்லாம் போன பிறகும் கையில் மிஞ்சியது சான்றிதழ் ஒன்றே என்று கண்ட தலைமுறை, பிள்ளையின் நேரத்தை எண்ணி எண்ணிச் செலவழிப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கவலையிலிருந்து அவர்கள் வந்து சேர்ந்திருக்கும் முடிவு பிழையானது. பாடங்களை இணைத்துக் கற்பதும், அதை எல்லை கடந்த ஒரு பாடசாலையோடு சேர்ந்து செய்வதும் வசதியான பிள்ளைகளுக்கான மேலதிக அலங்காரம் என்ற எண்ணம் காங்கேசன்துறைக்குப் பொருந்தவே பொருந்தாது. இலங்கையில் இப்படியான படிப்பு கட்டாயம் தேவைப்படும் ஊர் எது என்று கேட்டால், இந்த ஊரைத்தான் முதலில் சொல்வேன்.

கீரிமலைக் கேணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசைக்கு ஆயிரக்கணக்கானோர் வந்து பிதிர்க்கடன் செய்து நீராடும் இடம். கேணியின் மதிலுக்கு அப்பால் அலை அடிக்கிறது. மதிலுக்கு உள்ளே நன்னீர். உப்புக் கடலின் ஓரத்தில் நன்னீர் ஏன் ஊறுகிறது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் எந்த ஆசிரியர் பதில் சொல்வார்? மழைநீர் மண்ணினூடாக இறங்கும்போது காபனீரொட்சைட்டைக் கரைத்து மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லை அரித்துப் பிளவுகளையும் குகைகளையும் உண்டாக்குகிறது. இது இரசாயனம். அந்தப் பிளவுகளில் இறங்கிய நன்னீர், தன்னைவிட அடர்த்தி கூடிய கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீரின் அடர்த்தி கன மீற்றருக்கு ஏறக்குறைய 1,025 கிலோகிராம், நன்னீரின் அடர்த்தி 1,000. இந்த 25 தான் யாழ்ப்பாணத்தின் உயிர். இதன்படி கணக்குப் போட்டால், கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீற்றருக்கு நன்னீர் இருக்கும். மேலே ஒரு முழம் குறைந்தால் கீழே நாற்பது முழம் உவர்நீர் ஏறிவரும். இது பௌதிகம். அந்த நீரை யார், எவ்வளவு, எதற்கு இறைக்கிறார்கள் என்பது பொருளியல். எத்தனை தலைமுறையாக என்பது வரலாறு.

இதே ஊரில்தான் 1950 இல் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. காங்கேசன்துறைச் சுண்ணாம்புக்கல் சூளைக்குள் போய்ச் சீமெந்தாகி நாடெங்கும் கட்டடங்களாக நின்றது. 1990 இல் போரோடு அது நின்றுபோனது. கல் அகழ்ந்த கிடங்குகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை ஒரு பாடமாக நினைத்துப் பாருங்கள். 100 கிராம் தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிராம் சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிராம் காபனீரொட்சைட்டாகக் காற்றில் போகும். எரிபொருளின் புகையைக் கணக்கில் எடுக்காமலே கல்லின் பாரத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வானத்துக்குப் போகிறது. உலகம் இன்று காலநிலை மாற்றம் என்று பேசுவதன் ஒரு முனை நம் பிள்ளை சைக்கிளில் கடந்துபோகும் கிடங்கில் இருக்கிறது. தொழிற்சாலையைத் திரும்பத் திறக்கலாமா என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. வேலை வரும் என்பவருக்கும், கிணறு உவராகும் என்பவருக்கும் நடுவில் நின்று யோசிக்க வேண்டியவர்கள் இன்று பாடசாலையில் இருக்கும் பிள்ளைகள்தான்.

இந்தப் பிள்ளைக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? ஆறாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்புவரை பாடத்தின் பெயர் விஞ்ஞானம், ஒரே புத்தகம். ஆனால் ஒரு அலகு இரசாயனம், அடுத்தது பௌதிகம், அதற்கடுத்தது உயிரியல் என்று அது ஏற்கெனவே கூறுபோட்டு வைக்கப்பட்டிருக்கிறது. உயர்தரத்துக்குப் போனதும் கூறுகளுக்கு நடுவே மதில் எழுந்துவிடும். அடர்த்தி படித்த பிள்ளைக்கு அது தன் வீட்டுக் கிணற்றின் கதை என்று தெரியாது. கல்சியம் காபனேற்றின் சமன்பாட்டை ஈடுசெய்யத் தெரிந்த பிள்ளைக்குக் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவும் அதுவேதான் என்று தெரியாது. புள்ளி வருகிறது. ஆனால் வீட்டில் தாய் “உந்தத் தண்ணி குடிச்சாச் சிறுநீரகத்திலை கல்லு வருமாமே” என்று கேட்டால், மூன்று பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளையும் பதில் தெரியாமல் நிற்கிறது. அந்தக் கேள்விக்கு நேரடியான ஒற்றைப் பதில் கிடையாது என்பதும், அதை எப்படித் தேடுவது என்பதும் எந்த வகுப்பிலும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லப்படவில்லை.

இதன் விலையை நாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். காங்கேசன்துறை வீதியிலேயே இருக்கும் சுன்னாகத்தில் மின்நிலையத்துக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த விவகாரம் நினைவிருக்கும். கிணற்றில் எண்ணெய் மணக்கிறது என்று மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். ஒரு அறிக்கை ஒன்றைச் சொன்னது, இன்னொரு அறிக்கை வேறொன்றைச் சொன்னது. எந்த அறிக்கை எதை அளந்தது, எந்த ஆழத்தில் எடுத்த நீர், மாதிரி எடுத்த காலம் மாரியா கோடையா என்று கேட்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஊர்களில் எத்தனை பேர் இருந்தார்கள்? பொறியியலாளர்களையும் மருத்துவர்களையும் வரிசையாக அனுப்பிய மண் இது. ஆனாலும் நீர், எண்ணெய், பாறை, உடல்நலம், சட்டம் ஐந்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பழக்கம் எங்களிடம் இருக்கவில்லை. 2019 இல் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனத்தைப் பொறுப்பாளியாக்கி, பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை வகுப்பில் வைத்துப் படிப்பிக்க விஞ்ஞான ஆசிரியருக்கு நேரமில்லை. குடியியல் ஆசிரியர் அது தன் வேலையில்லை என்பார். இருவரையும் குறைசொல்ல மாட்டேன். பாடவேளை அட்டவணை அவர்களை அப்படித்தான் நிறுத்தியிருக்கிறது.

எதிர்ப்போர் சொல்லும் காரணங்களில் கனமானது ஒன்றுண்டு. எல்லாவற்றையும் கலந்தால் எதிலும் ஆழம் இராது என்பது அது. 1972 கல்விச் சீர்திருத்தத்தில் ஒன்றிணைந்த விஞ்ஞானம் வந்த காலத்திலும் இதே குரல் எழுந்தது. கலவைப் பாடம் மேலோட்டமாகப் போகக்கூடும் என்பது உண்மைதான். “நீர்” என்று தலைப்புப் போட்டு, படம் ஒட்டி, வாசகம் எழுதி முடித்துவிடுகிற செயற்றிட்டங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே ஆழம் போனதற்குக் காரணம் பாடங்களை இணைத்ததல்ல. கேள்வியே இல்லாமல் தலைப்பை மட்டும் கொடுத்ததுதான். “எங்கள் பாடசாலைக் கிணற்றில் உவர்நீர் எந்த ஆழத்தில் தொடங்குகிறது, மாரிக்கும் கோடைக்கும் அது எவ்வளவு மாறுகிறது” என்று கேட்டுப்பாருங்கள். கயிற்றில் முடிச்சுப் போட்டு, அடியில் பாரம் கட்டிய போத்தலை இறக்கி, வேண்டிய ஆழத்தில் மூடியை இழுத்துத் திறந்து, மேலே எடுத்த நீரின் மின்கடத்துதிறனை அளந்து, வரைபுத் தாளில் புள்ளி போடும் பிள்ளை அடர்த்தியையும் அயன்களையும் வழுவையும் ரியூட்டரிக் குறிப்பைவிட ஆழமாகவே படிக்கும். படிக்காமல் அந்த வரைபை அதனால் விளக்க முடியாது.

சரி, அதை ஊருக்குள்ளேயே செய்யலாமே, வெளிநாட்டுப் பாடசாலை எதற்கு? இது நியாயமான கேள்வி. தன் ஊரில் மட்டும் வாழ்ந்த பிள்ளைக்குத் தன் ஊர் புதினமாகத் தெரியாது என்பதே என் பதில். எல்லா வீட்டுக் கேத்தலிலும் வெள்ளை படிந்தால் அது இயல்பு; கேள்வி பிறக்காது. கடலுக்கு அந்தப்பக்கம் நாகப்பட்டினத்தில் ஒரு பிள்ளை தன் வீட்டுப் பாத்திரத்தைப் படம் எடுத்து அனுப்பட்டும். அங்கே காவிரி கொண்டுவந்த வண்டல், இங்கே சுண்ணாம்புப் பாறை. இரண்டு பாத்திரத்தின் அடியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த கணமே இரண்டு வகுப்பிலும் “ஏன்” என்ற கேள்வி எழும்பும். அந்த ஒரு “ஏன்” ஒரு தவணைப் பாடத்துக்குப் போதும்.

நாகப்பட்டினத்தை வேண்டுமென்றே சொல்கிறேன். சர்வதேசப் பாடசாலை இணைப்பு என்றாலே இலண்டன் அல்லது மெல்பேண் என்று நினைக்கும் பழக்கம்தான் “எங்கடை பிள்ளையளுக்கு இங்கிலிஷ் காணாது” என்ற அடுத்த மறுப்பையும் பிறப்பிக்கிறது. காங்கேசன்துறையிலிருந்து 2023 ஒக்ரோபரில் கப்பல் சேவை தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்ற்றில் மீண்டும் ஓடத் தொடங்கியது நாகப்பட்டினத்துக்குத்தான். நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய தூரம். ஒரே மொழி, ஒரே வடகீழ்ப் பருவமழை, 2004 மார்கழியில் இரு கரையையும் அடித்த அதே ஆழிப்பேரலை. 2008 நவம்பரில் நிஷா புயல் யாழ்ப்பாணத்தை வெள்ளத்தில் விட்டுவிட்டுப் போய்க் காரைக்கால் அருகே கரை கடந்தது. ஒரே முகில்கூட்டம் முதலில் ஒரு வகுப்பறைமீது பெய்து, பிறகு மற்ற வகுப்பறைமீது பெய்கிறது. தலை வெட்டிய பிளாஸ்ரிக் போத்தலில் இரு பாடசாலையும் தினம் காலை மழை அளந்து, மாலையில் கைத்தொலைபேசியில் எண்ணைப் பரிமாறினால் புயலின் பாதையை எந்தப் புத்தகமும் காட்டாத விதத்தில் அந்தப் பிள்ளைகள் காண்பார்கள். இதற்கு ஆங்கிலம் எங்கே தேவைப்படுகிறது?

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வாசலில் நின்று நுழைவுச்சீட்டுக் கேட்கக் கூடாது என்கிறேன். சொல்வதற்குச் சொந்தமாக ஒன்று இருக்கும்போது மொழி தானாகத் தேடப்படும். மால்ட்டாத் தீவை எடுங்கள். அதுவும் சுண்ணாம்புக்கல், அங்கும் நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது, அங்கும் உரமும் கழிவும் இறங்கி நிலத்தடி நீரில் நைத்திரேற்று ஏறியிருக்கிறது. வலிகாமத்தின் பல தோட்டக் கிணறுகளில், உலக சுகாதார நிறுவனம் வைத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையை நைத்திரேற்று தாண்டியிருப்பது ஆய்வுகளில் பலமுறை பதிவானது. மால்ட்டா கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கும் நாடு. 2024 இல் எங்களுக்கும் தாளையடியில் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. அந்தத் தீவுப் பிள்ளையிடம் எங்கள் பிள்ளை கேட்பதற்கு நிறைய இருக்கிறது, சொல்வதற்கும் இருக்கிறது. அப்போது அது எழுதப்போகும் ஆங்கிலம், கட்டுரைப் புத்தகத்தில் பாடமாக்கி ஒப்புவிக்கும் ஆங்கிலத்தைவிட உறுதியாக நிற்கும்.

பணம் இல்லை என்பார்கள். ஒரு மீற்றர் தடிக்கு என்ன விலை? மார்ச்சிலும் செப்டெம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாளில், சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் அதை நிமிர்த்தி நட்டால் காங்கேசன்துறையில் நிழல் ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர் விழும். நாகப்பட்டினத்தில் 19. தெற்கே தேவேந்திரமுனையில் 10. ரொறன்ரோவில் 95. இலண்டனில் தடியையும் விஞ்சி 126. காங்கேசன்துறைக்கும் தேவேந்திரமுனைக்கும் நிழல் காட்டும் கோண வித்தியாசம் கிட்டத்தட்ட 4 பாகை. தூரம் ஏறக்குறைய 435 கிலோமீற்றர். 360 பாகைக்கு எவ்வளவு என்று பெருக்கினால் பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீற்றரை ஒட்டி வந்துவிடும். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரடோஸ்தெனிஸ் செய்த கணக்கு இது. தனிப் பாடசாலை ஒன்றால் இதைச் செய்யவே முடியாது. இன்னொரு ஊரில் இன்னொரு தடி நிற்க வேண்டும். அந்தத் தடி தெற்கில் ஒரு சிங்களப் பாடசாலையில் நின்றால் இன்னும் நல்லது.

பாடசாலைகளை இணைப்பது ஏதோ புது மோகம் என்பவர்கள் தெல்லிப்பழையைக் கொஞ்சம் நினைக்க வேண்டும். காங்கேசன்துறைக்கு அடுத்த ஊர் அது. 1816 இல் அமெரிக்க மிசன் அங்கே பள்ளி தொடங்கியது. 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி எழுந்தது. அவர்களுடைய நோக்கம் மதமாற்றம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே நடந்த விஞ்ஞானத்தைப் பாருங்கள். 1829 இன் சந்திர கிரகணத்தைப் பற்றி உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிப்பும் செமினரியின் அதிபர் டானியல் பூவரின் கணிப்பும் வேறுபட்டபோது, வாதத்தைத் தீர்த்தது வானமும் மணிக்கூடும்தான். மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேலை மருத்துவம் படிப்பித்து, அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கினார். உடற்கூறும் சத்திரசிகிச்சையும் இரசாயனமும் தமிழ்ப் புத்தகங்களாயின. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். அதே தாமோதரம்பிள்ளைதான் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். கணிதமும் வானியலும் தமிழும் ஒரே கூரையின்கீழ்ப் படித்த மனிதர் அவர். பாடங்களைக் கலந்தால் ஆழம் போய்விடும் என்பவர்கள் அவருக்கு என்ன சொல்வார்கள்?

இணைப்பு என்ற பெயரில் இன்று நடப்பவற்றில் பல வெறும் சடங்கு என்று எதிர்ப்போர் சொன்னால், அதில் அவர்கள் பக்கம் நிற்கிறேன். சூம் திரையில் இரண்டு தேசியக் கொடி, பட்டுச்சேலையில் ஒரு நடனம், பொங்கல் பானைப் படம், கடைசியில் சான்றிதழ். அங்குள்ள பிள்ளை எங்கள் பிள்ளையைப் பார்த்து இரக்கப்படக் கற்கிறது. எங்கள் பிள்ளை அந்த வகுப்பறையைப் பார்த்து ஏங்கக் கற்கிறது. விஞ்ஞானம் எங்கும் இல்லை. ஆனால் இதற்கு மாற்று முறை எப்போதோ வந்துவிட்டது. 1990 இல் பிரித்தானியாவில் தொடங்கி, பிறகு உலகளவில் விரிந்த ‘சயன்ஸ் அக்ரோஸ் த வேர்ல்ட்’ திட்டத்தில் குடிநீர், அமிலமழை போன்ற கேள்விகளுக்குப் பிள்ளைகள் முதலில் தங்கள் ஊரில் விடை தேடி, அதைப் பல மொழிகளில் பிற நாட்டு வகுப்புகளோடு பரிமாறினார்கள். 1995 இல் அமெரிக்கா தொடங்கிய ‘குளோப்’ திட்டத்தில் 120க்கு மேற்பட்ட நாடுகளின் பாடசாலைகள் மழையையும் வெப்பத்தையும் நீரையும் ஒரே முறையில் அளந்து பொதுவில் பதிகின்றன. இவற்றில் கொடை கொடுப்பவரும் வாங்குபவரும் இல்லை. இரு பக்கமும் எண் கொண்டுவர வேண்டும். காங்கேசன்துறையிலிருந்து வரும் எண்ணுக்கு இலண்டனிலிருந்து வரும் எண்ணின் அதே மதிப்பு.

கடலைப் பற்றிப் பேசினால் “அது அரசியல், பாடசாலைக்குள்ளை வேண்டாம்” என்பார்கள். மயிலிட்டித் துறைமுகத்தில் பிடித்துக் கட்டியிருக்கும் தமிழ்நாட்டு இழுவைப் படகுகளைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். இங்கே வலை அறுந்த தகப்பனின் பிள்ளை. அங்கே சிறையிலிருக்கும் தகப்பனின் பிள்ளை. அடிமடி இழுவை மீன்பிடியை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடைசெய்தது. அந்த வலை கடலடியில் என்ன செய்கிறது, எந்த மீன் எந்த மாதத்தில் முட்டையிடுகிறது, கரைக்கு வரும் மீனின் நீளம் ஆண்டுக்காண்டு குறைகிறதா என்பவை உயிரியல் கேள்விகள், கணக்குக் கேள்விகள். இரு கரைப் பிள்ளைகளும் தத்தம் மீன்சந்தையில் ஒரே மீனை அடிமட்டத்தால் அளந்து ஒரே அட்டவணையில் எழுதட்டும். அது பிணக்கைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. இருபது வருடத்துக்குப் பிறகு இதே பிணக்கைப் பேச உட்காரும் இரு தரப்பும் ஒரே எண்ணைப் பார்த்துப் பேசும். அவ்வளவு கிடைத்தால் பெரிது.

புலம்பெயர்ந்த பழைய மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கட்டடம் தந்தீர்கள், திறன்பலகை தந்தீர்கள், நன்றி. அடுத்த முறை மின்கடத்துதிறன் அளக்கும் கருவிகளை அனுப்புங்கள். திறன்பலகையின் விலையில் சிறு துண்டு போதும். அதோடு உங்கள் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியரிடம் போய், செப்டெம்பரில் ஒரு தடி நடச் சொல்லுங்கள்.

அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்: சுற்றறிக்கை வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது. அந்தக் கோப்பைக் கண்துடைப்பாக நிரப்புவதற்குப் பதிலாகக் கிணற்று அளவையும் மழை அளவையும் அதில் எழுதலாம். வரும் ஐப்பசி மழைக்கு முன் ஒரு கயிறு, சில போத்தல், ஒரு கொப்பி போதும். நாகப்பட்டினத்தில் ஏதாவது ஒரு அரசுப் பள்ளியின் ஆசிரியருக்கு முதல் கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள். அவர்கள் எழுதட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம்; காங்கேசன்துறையே முதலில் எழுதட்டும்.